க்வீன், வெம்ப்ளி 1986 கச்சேரி வீடியோ: முழுசாகப் பார்த்தவர்கள் வாருங்கள்

வைகைக்கரையான்:

போன சனிக்கிழமை சாயங்காலம் க்வீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் வெம்ப்ளி கச்சேரியை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். 1986 ஜூலை 12 அன்று லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் படம்பிடித்தது. எத்தனையாவது தடவை என்று கணக்கே இல்லை. ஆனாலும் இந்தத் தடவைதான் ஒரு விஷயம் பிடிபட்டது. அதைச் சொல்லத்தான் இந்த இழை.

கச்சேரி தொடங்கும்போது நல்ல வெளிச்சம். லண்டனில் ஜூலை மாதம் இரவு ஒன்பதைத் தாண்டித்தான் சூரியன் மறையும். மேடைக்கு மேலே டன் கணக்கில் விளக்குகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஆனால் முதல் அரைமணி நேரத்துக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. பகல் வெளிச்சத்தில் எந்த விளக்கும் எடுபடாது. அந்த நேரத்தில் எழுபதாயிரம் பேரையும் பிடித்து வைத்திருப்பது மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரே ஒரு மனிதர். கையில் பாதி ஸ்டாண்டோடு ஒரு மைக், அவ்வளவுதான். குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி அந்தப் பெரிய மேடையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடுகிறார், நிற்கிறார், கையை உயர்த்துகிறார். கூட்டம் அப்படியே அவரோடு போகிறது.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டுகிறது. 'ஹூ வான்ட்ஸ் டு லிவ் ஃபாரெவர்' வரும்போது வானம் மங்கியிருக்கும். 'போஹீமியன் ராப்சடி' வரும்போது விளக்குகளுக்கு முழு உயிர் வந்துவிடும். கடைசியில் ராஜ அங்கியும் கிரீடமுமாக அவர் நடந்து வரும்போது, பகலில் பார்த்த அதே மேடையா இது என்று தோன்றும்.

இதை ஒவ்வொரு பாட்டாக யூடியூபில் பார்த்தால் இந்த இருட்டு விழுவது தெரியவே தெரியாது. ஒன்றில் பகல், இன்னொன்றில் இரவு என்று மட்டும் தெரியும். முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் பார்த்தால்தான் ஒரு மாலைப்பொழுது முழுவதும் அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால் இந்த வீடியோ நமக்குப் பாதுகாத்துத் தருகிற மிகப் பெரிய பொருள் அந்த மாலை வெளிச்சம்தான்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தேன்சிட்டு:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் உடனே பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. எனக்கு க்வீன் என்றால் அதற்கு முந்தைய வருடம் பல குழுக்கள் சேர்ந்து பாடிய லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரிதான். 1985 ஜூலை 13, அதே வெம்ப்ளி மைதானம், சுமார் இருபது நிமிடம், ஆறு பாட்டு. அங்கேயும் பகல் வெளிச்சம்தான். அவர்களுடைய சொந்த மேடையும் இல்லை, விளக்கும் இல்லை. வந்திருந்த கூட்டமும் அவர்களுக்காக மட்டும் வந்த கூட்டம் இல்லை. அந்த நிலையில் இருபதே நிமிடத்தில் மைதானத்தைத் தன் பக்கம் திருப்பினார்களே, அதில் வீணான ஒரு நொடிகூடக் கிடையாது.

86 கச்சேரியை முழுக்கப் பார்த்தபோது நடுவில் எனக்குத் தொய்வாக இருந்தது. கிதார் தனி வாசிப்பு நீளமாகப் போகிறது. அதன் பிறகு பழைய ராக் அண்ட் ரோல் பாட்டுகளை வரிசையாகப் பாடுகிறார்கள். அந்த இடத்தில் தாண்டிவிட்டேன் என்று ஒத்துக்கொள்கிறேன்.

கம்பிமீட்டி:

தேன்சிட்டு, அந்தக் கிதார் வாசிப்பைத் தாண்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் இருபது வருடமாகக் கிதார் வாசிக்கிறேன். அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கும் பிடித்துப்போகும்.

குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே அங்கே தன்னோடு தானே சேர்ந்து வாசிக்கிறார். அவர் வாசித்த சுரத்தை ஒரு எதிரொலிக் கருவி பிடித்து வைத்து, ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் திருப்பித் தரும். முதலில் ஒரு சின்ன வரியை வாசிப்பார். அது திரும்பி வரும்போது அதற்குப் பொருந்துகிற அடுத்த வரியை அதன் மேலேயே வைப்பார். இன்னொரு எதிரொலியும் சேர்ந்தால் மூன்று கிதார் மாதிரி கேட்கும். முன்னால் வாசித்தது எப்போது வரும் என்பதை மனதிலேயே எண்ணிக்கொண்டு, வரப்போவதற்கு இப்போதே இடம் விட்டு வாசிக்க வேண்டும். ஒரு இடத்தில் தப்பினால் மொத்தமும் கலங்கிப்போகும். எழுபதாயிரம் பேருக்கு முன்னால் தனியாக நின்று இதைச் செய்கிறார்.

அந்தக் கிதாரும் கடையில் வாங்கியதில்லை. 1963இல், பள்ளிப் பையனாக இருந்தபோது, அவரும் அவர் அப்பாவும் வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தது. கழுத்துப் பகுதிக்கு ஒரு பழைய கணப்படுப்பின் மேல்கட்டையிலிருந்து எடுத்த மஹோகனி மரம். ப்ளாஸ்டிக் மீட்டிக்குப் பதிலாகப் பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டுவார். அதன் விளிம்பில் உள்ள வரிப்பள்ளங்கள் கம்பியில் உரசும்போது சன்னமான ஒரு கீறல் சத்தம் வரும். அமைதியான இடங்களில் நல்ல ஹெட்போன் போட்டுக் காதுகொடுத்துப் பாருங்கள்.

ஒலிக்காரன்:

கோயம்புத்தூரில் மேடை ஒலியமைப்பு வேலை செய்கிறேன். கம்பிமீட்டி சார் சொன்ன எதிரொலி விஷயத்தோடு ஒட்டி நானும் ஒன்று சொல்லவேண்டும்.

'ரேடியோ கா கா' பாட்டில் எல்லோரும் கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டுவார்கள் அல்லவா, அதில் மேலிருந்து எடுத்த காட்சிகளை மட்டும் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். எல்லாக் கையும் ஒரே நேரத்தில் தட்டாது. மேடைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில், பின்னால் இருப்பவர்கள் கொஞ்சம் பிந்தி. வயலில் காற்று அடித்தால் நெற்பயிர் சாய்ந்துகொண்டே போகுமே, அப்படி ஒரு அலை முன்னாலிருந்து பின்னால் ஓடும்.

காரணம் எளிது. சத்தம் ஒரு நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு டிரம்ஸ் அடி ஏறக்குறைய 0.3 நொடி பிந்திக் கேட்கும். அந்தப் பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளியே அரை நொடிதான். ஆக, மைதானத்தின் கடைசியில் நிற்பவர் பாதி அடிக்கு மேல் பிந்தித் தட்டுகிறார். அவர் தாளம் தப்பவில்லை. அவர் காதில் விழுந்த தாளத்துக்குச் சரியாகத்தான் தட்டுகிறார்.

மைதானத்தின் நடுவில் கூடுதல் ஸ்பீக்கர் கோபுரம் வைத்தால் இது சரியாகிவிடாதா என்று எங்கள் தொழிலுக்குப் புதிதாக வருகிற பையன்கள் கேட்பார்கள். ஆகாது. அந்தக் கோபுரத்தில் வரும் சத்தத்தை நாங்களே வேண்டுமென்று தாமதப்படுத்தித்தான் விடுவோம், மேடையிலிருந்து வரும் சத்தம் அங்கே வந்து சேரும் நேரத்துக்கு ஒட்டி. இல்லையென்றால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும்.

இந்த அலையைக் கூட்டத்துக்கு நடுவில் நின்றவர்கள் பார்த்திருக்க முடியாது. கூட்டத்துக்குள் இருப்பவருக்குத் தன்னைச் சுற்றி நாலு வரிசைதான் தெரியும். மேலே வைத்த கேமரா வழியாக, வீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரிகிறது. நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது என்று எப்போதும் சொல்கிறோம், சரி. ஆனால் இது கூட்டத்துக்குள் நின்றவருக்குக் கிடைக்காதது.

தேன்சிட்டு:

ஒலிக்காரன் அண்ணா, இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். ஆமாம்! அலை ஓடுகிறது! இத்தனை வருடம் அதைக் கூட்டத்தின் அசைவு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெய்தல்:

வணக்கம். இந்த இழைக்குப் புதியவன். நான் பார்த்தது டிவிடி. எங்கள் வீட்டில் 50 அங்குல டிவி. படம் மங்கலாக இருக்கிறது, கை வேகமாக அசையும் இடங்களில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிகிறது. நல்ல பதிப்பு என்று எதை வாங்குவது? நீலத்தட்டில் (ப்ளூ-ரே) வாங்கினால் தெளிவாக இருக்குமா?

வைகைக்கரையான்:

நெய்தல், வாருங்கள். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் நானும் இதில் பல வருடம் குழம்பியிருக்கிறேன்.

வெம்ப்ளி கச்சேரியை எடுத்தது டைன் டீஸ் என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிறுவனம், இயக்கியவர் கேவின் டெய்லர். தொலைக்காட்சிக்காக எடுத்ததால் ஃபிலிமில் எடுக்கவில்லை, வீடியோ நாடாவில் எடுத்தார்கள். அந்தக் காலத்து ஐரோப்பிய முறையில் படத்துக்கு 625 வரிகள், அதிலும் கண்ணுக்குத் தெரிவது இன்னும் குறைவு. நாடாவில் அவ்வளவுதான் பதிந்திருக்கிறது. அதற்கு மேல் எந்தத் தட்டில் போட்டாலும் புதிதாகத் தெளிவு வந்துவிடாது.

சீப்புக் கோட்டுக்கும் காரணம் அதுதான். ஒரு படத்தை இரண்டு பாதியாக, ஒற்றை வரிகள் முதலில் இரட்டை வரிகள் பிறகு என்று மாற்றி மாற்றி எழுதுவார்கள். பழைய குண்டு டிவியில் அது இயல்பாகத் தெரியும். இப்போதைய தட்டை டிவி இரண்டு பாதியையும் சேர்த்து ஒரே படமாகக் காட்டும்போது, அசையும் பொருளில் பல் பல்லாகத் தெரியும். உங்கள் பிளேயரில் இதைச் சரிசெய்யும் அமைப்பு இருக்கும். பிளேயரை மாற்றிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியும்.

பதிப்பைப் பொறுத்தவரை, 1990இல் வந்த வீடியோ கேசட்டைத் தேடாதீர்கள், அதில் பல பாட்டுகள் வெட்டப்பட்டிருக்கும். 2003இல் வந்த இரட்டை டிவிடியில் சனிக்கிழமைக் கச்சேரி முழுதாக இருக்கிறது. 2011இல் வந்த 25ஆம் ஆண்டுப் பதிப்பில் முதல் நாள், அதாவது ஜூலை 11 வெள்ளிக்கிழமை நடந்த கச்சேரியும் சேர்ந்திருக்கிறது. அன்று மழை. வெட்டியொட்டி மெருகேற்றாத படம். முடிந்தால் இந்தப் பதிப்பை வாங்குங்கள்.

கேசட் என்றதும் ஒன்று. நான் இதை முதலில் பார்த்தது எங்கள் தெருமுனை வீடியோ கடையில் வாடகைக்கு எடுத்த கேசட்டில். யாரோ நகல் எடுத்து வைத்திருந்தார்கள். 'வீ வில் ராக் யூ' ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் படம் நடுங்கி, அதற்கு மேல் யாருடைய கல்யாண வீடியோவோ ஓடும். கடைக்காரரிடம் சொன்னேன், வேறு பிரதி இல்லை என்றுவிட்டார். அதனால் கிரீடம் வைத்துக்கொண்டு வரும் அந்தக் கடைசிக் காட்சியைப் பல வருடம் நான் பார்த்ததே இல்லை. 2004இல் டிவிடி கைக்கு வந்த இரவில்தான் பார்த்தேன். மனம் நிறைந்துபோய், இரண்டு மணி நேரக் கச்சேரியை உடனே திரும்ப முதலிலிருந்து போட்டேன்.

கம்பிமீட்டி:

படத் தெளிவு முக்கியம் என்றால், நெய்தல், அதே சுற்றுப்பயணத்தில் புடாபெஸ்ட்டில் நடந்த கச்சேரியைப் பாருங்கள். 1986 ஜூலை 27, வெம்ப்ளிக்குப் பதினைந்து நாள் கழித்து, ஹங்கேரியின் நேப்ஸ்டேடியனில். அன்றைக்கு அது இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம், கம்யூனிஸ்ட் அணியில் இருந்த நாடு. மேற்கத்திய ராக் குழு ஒன்று அவ்வளவு பெரிய மைதானத்தில் வந்து வாசிப்பது அங்கே பெரிய நிகழ்ச்சி. ஹங்கேரியப் படக்குழு அதை 35 மி.மீ. சினிமா ஃபிலிமில் எடுத்தது. அதனால்தான் 2012இல் மீட்டெடுத்து வெளியிட்டபோது தியேட்டரிலேயே ஓட்ட முடிந்தது. ஃபிலிமில் அவ்வளவு விவரம் பதிந்திருக்கும். வேர்வைத் துளி, கிதாரில் தேய்ந்த இடம், முன்வரிசைப் பெண்ணின் முகம் எல்லாம் தெரியும்.

அதில் ஒரு இடம். ஃபிரெடி அவர்களுடைய நாட்டுப்பாட்டு ஒன்றை ஹங்கேரிய மொழியிலேயே பாடுவார். வார்த்தைகளை உள்ளங்கையில் எழுதி வைத்திருப்பார். பாடிக்கொண்டே கையைப் பார்ப்பார், மறைக்கவும் மாட்டார். முதல் வரி புரிந்ததும் மைதானம் எழுப்பும் ஓசையைக் கேட்கவேண்டும். தங்கள் பாட்டி பாடிய பாட்டை அந்நியர் ஒருவர் வந்து பாடுகிறார், அதுவும் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டு. எனக்கு அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

வெம்பிளிவாசி:

வணக்கம் எல்லோருக்கும். நான் யாழ்ப்பாணம், இப்ப கனகாலமாக வெம்பிளியில்தான் இருக்கிறன். ஈலிங் றோட்டுப் பக்கம் வந்தீங்கள் எண்டால் தோசைக்கடையும் நகைக்கடையும் எங்கட ஆக்களும்தான். அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் மைதானம்.

நீங்கள் வீடியோவில் பார்க்கிற மைதானம் இப்ப இல்லை. 1923இல் திறந்த பழைய கட்டடம், முன்னால் இரண்டு வெள்ளைக் கோபுரம். 2000ஆம் ஆண்டு அக்டோபரோட மூடிப்போட்டு, 2003இல் அந்தக் கோபுரங்களை இடிச்சவை. நான் வேலையால வரேக்குள்ள ஒரு கோபுரம் அரைவாசி போய் நிண்டதைப் பார்த்தன். பிறகு 2007இல் வளைவு வைச்ச புது மைதானம் வந்தது. புதுசும் வடிவுதான். ஆனால் அந்த வீடியோவில் வானத்தில இருந்து காட்டேக்குள்ள தெரியிற மைதானம் பழையது. எனக்கு அதுவும் ஒரு ஆவணம்.

இன்னொண்டு. ஃபிரெடியின் குடும்பமும் எங்களைப் போல வந்தேறின குடும்பம்தான். கிழக்கு ஆபிரிக்காவில சான்சிபாரில் பிறந்த பார்சிப் பொடியன், வீட்டுப் பெயர் ஃபரோக் புல்சாரா. இந்தியாவில மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படிச்சு, அங்கேயே பள்ளிக்கூடக் குழுவில் பியானோ வாசிச்சவர். 1964இல் சான்சிபாரில் கலவரம் வர, தாய் தகப்பனோட லண்டனுக்கு வந்து ஃபெல்தத்தில் இருந்தவை. ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கம். அங்கையிருந்து வெம்பிளி மேடை எவ்வளவு தூரம் எண்டு ஊரை விட்டு வந்த ஆக்களுக்குத்தான் தெரியும்.

வைகைக்கரையான்:

வெம்பிளிவாசி அண்ணை, இதை எழுதியதற்கு நன்றி. மைதானமும் போய்விட்டது என்று தெரியும், ஆனால் பாதி நின்ற கோபுரத்தைப் பார்த்தவர் சொல்லிக் கேட்பது வேறு.

இதைப் படித்ததும் இன்னொன்று தோன்றியது. வெம்ப்ளிக்குப் பிறகு நான்கு வாரத்தில், 1986 ஆகஸ்ட் 9 அன்று நெப்வொர்த்தில் நடந்த கச்சேரிதான் நால்வரும் சேர்ந்து செய்த கடைசிச் சுற்றுப்பயணக் கச்சேரி. 1991 நவம்பர் 24 அன்று ஃபிரெடி காலமாகிவிட்டார், 45 வயது. வெம்ப்ளி மேடையில் நடுவில் அவர் பேசும் இடம் ஒன்று உண்டு. குழு பிரியப்போகிறது என்று வதந்தி ஓடுகிறது, நம்பாதீர்கள், சாகும்வரை சேர்ந்தே இருப்போம் என்கிற மாதிரி சொல்வார். கூட்டம் ஆர்ப்பரிக்கும். சொன்னபடியேதான் நடந்தது. அடுத்த ஐந்து வருடத்தில் மேடை ஏறவில்லையே தவிர, குழு பிரியவில்லை. கடைசிவரை ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்தேதான் இருந்தார்கள்.

தேன்சிட்டு:

இரண்டு நாள் கழித்து வந்திருக்கிறேன். தாண்டாமல் முழுதும் பார்த்தேன். கிதார் வாசிப்பை இரண்டு தடவை.

லைவ் எய்ட் பற்றிச் சொன்னதை முழுக்க வாபஸ் வாங்கமாட்டேன். அந்த இருபது நிமிடம் இப்போதும் எனக்கு உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த ராக் அண்ட் ரோல் பகுதி ஏன் நடுவில் இருக்கிறது என்று இப்போது புரிகிறது. நால்வரும் மேடையின் முன்பக்கம் வந்து நெருக்கமாகச் சேர்ந்து, சின்ன வயதில் பாடிய பாட்டுகளைப் பாடுகிறார்கள். அவ்வளவு பெரிய மேடையில் பத்தடி இடம் போதும் என்று இருக்கிறார்கள். வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது. அண்ணா சொன்ன அந்த வெளிச்சம் மாறுகிற நேரமே அதுதான். அதைத் தாண்டிப் பார்த்ததால்தான் எனக்கு முதல் தடவை இருட்டு விழுந்தது தெரியவில்லை.

ஒலிக்காரன்:

நன்றாகச் சொன்னீர்கள் தேன்சிட்டு. ஒலிப் பக்கமிருந்தும் ஒரு வார்த்தை: 2003 டிவிடியில் சுற்றொலி இருக்கிறது. பின் ஸ்பீக்கரில் கூட்டத்தின் சத்தம் வரும். முடிந்தவர்கள் அதை அளவாக வையுங்கள். பலர் பின் ஸ்பீக்கரை அதிகமாக ஏற்றிவிடுகிறார்கள், பாட்டு கூட்டத்துக்குள் மூழ்கிவிடுகிறது. சுற்றொலி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். நல்ல இரண்டு ஸ்பீக்கர் போதும், ஆனால் டிவிக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். ஜான் டீக்கனின் பேஸ் கிதார் மொத்தமும் காணாமல் போய்விடும். பாதிக் கச்சேரி அவர் தோளில்தான் நிற்கிறது.

நெய்தல்:

எல்லோருக்கும் நன்றி. பிளேயரை மாற்றினேன், சீப்புக் கோடு போய்விட்டது. நண்பரிடம் இரண்டு ஸ்பீக்கர் கடன் வாங்கி வைத்தேன். நேற்று ஆறரை மணிக்கு ஹாலில் விளக்குப் போடாமல் ஆரம்பித்தேன். எங்கள் ஜன்னலுக்கு வெளியேயும் சேர்ந்தே இருட்டியது.

அம்மா சமையலறையில் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, இந்த மாதிரி இசையெல்லாம் கேட்கிறவரும் இல்லை. 'அண்டர் பிரஷர்' பாட்டுக்கு முன்னால் ஃபிரெடி பாட்டு எதுவும் இல்லாமல் வெறும் குரலில் "ஏ... ஓ..." என்று இழுப்பாரே, கூட்டம் திருப்பிப் பாடுமே, அந்த இடம் வந்தது. முதலில் சின்னதாக ஒன்று, கூட்டம் பாடியது. பிறகு கொஞ்சம் நீளமாக, வளைத்து வளைத்து. மூன்றாவது தடவை கூட்டத்தோடு சேர்ந்து சமையலறையிலிருந்தும் ஒரு குரல் வந்தது. எட்டிப் பார்த்தேன். அம்மா கையில் கரண்டியோடு அடுப்பைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தார். அடுத்தது ஃபிரெடி மிகவும் உயரத்தில் போனார். அம்மாவும் முயன்று பார்த்து, எட்டாமல் நிறுத்திக்கொண்டு, அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்தார்.

கிரீடம் வரை எழுந்திருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, உள்ளங்கையில் எழுதிவைத்துப் பாடுவாரே அந்தப் புடாபெஸ்ட் கச்சேரியைப் போடச் சொல்லியிருக்கிறார்.